காய்ச்சலுக்குப் பிறகு நிற்காத வலிப்பு (ஃபயர்ஸ்): ஆய்வுக்குச் சம்மதம் கொடுக்கலாமா?

#1 கயல்விழி

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. அதுவரை ஒரு குறையும் இல்லாத பிள்ளை. சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. அது இறங்கி, சரி, பள்ளிக்கு அனுப்பலாம் என்று நினைத்தபோது வாயின் ஒரு ஓரம் இழுக்க ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது ஒன்று. அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு. எந்த மருந்துக்கும் நிற்காமல், கடைசியில் மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஃபயர்ஸ் என்று அப்போதுதான் முதன்முதலில் கேள்விப்பட்டோம்.

இப்போது வீட்டில் இருக்கிறான். நடக்கிறான், பேச்சு மெதுவாக வருகிறது, மூன்று மாத்திரைகள் போகின்றன. இருந்தும் தூக்கத்தில் வலிப்பு வருகிறது. ஐசியூவில் எடுத்த ரத்தத்திலும் முதுகுத் தண்டு நீரிலும் கொஞ்சத்தை உறைய வைத்திருக்கிறார்களாம். அதை ஆய்வுக்குப் பயன்படுத்தவும், அவன் விவரங்களை ஒரு சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கவும் கையெழுத்துக் கேட்கிறார்கள். என் கணவர், "பட்டது போதும், இன்னும் அவனைச் சோதனைப் பொருளாக்க வேண்டுமா?" என்கிறார்.

இரண்டு கேள்விகள். இந்த ஆராய்ச்சிகளால் உண்மையில் எதாவது தெரியவந்திருக்கிறதா? அனாகின்ரா என்ற ஊசியைப் பற்றி நிறையப் படிக்கிறேன், அவனுக்கு அது கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா? இரண்டாவது கேள்விதான் இரவில் தூங்க விடுவதில்லை.

#2 நரம்பியல் நாடோடி

கயல்விழி அம்மா, குழந்தைகள் நரம்பியல் பார்க்கிறேன். இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில்: யாராலும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

இந்த நோய்க்குப் பொதுவான பெயர் கிடைக்கவே ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானில் ஒரு பெயரில் எழுதினார்கள். பிரான்சில் 2006-இல் பள்ளி வயதுக் குழந்தைகளைக் குலைத்துப்போடும் வலிப்பு என்று வேறொரு பெயரில் எழுதினார்கள். பெரியவர்களுக்கு வருவதை 2005 முதல் நார்ஸ் என்றார்கள். ஃபயர்ஸ் என்ற பெயரை 2010-இல் ஜெர்மனியின் வான் பாலன் குழு வைத்தது. ஒரே நோயைத் தனித்தனிப் பெயர்களில் எழுதிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை எப்படிச் சேரும்?

2018-இல்தான் சர்வதேசக் குழு ஒன்று கூடி வரையறையை முடிவு செய்தது. முன்பு வலிப்பு நோய் இல்லாத ஒருவருக்கு, உடனடியாகத் தெரியும் காரணம் எதுவும் இல்லாமல், மருந்துக்கு அடங்காத தொடர் வலிப்பு வந்தால் அது நார்ஸ். அந்தத் தொடர் வலிப்பு தொடங்குவதற்கு 24 மணி நேரம் முதல் 2 வாரம் வரை முன்பு காய்ச்சலுடன் கூடிய தொற்று தொடங்கியிருந்தால், நார்ஸுக்குள் அது ஃபயர்ஸ். எந்த வயதிலும் வரலாம், பெரும்பாலும் பள்ளி வயதில். ஜெர்மனியில் கணக்கெடுத்தபோது ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளில் ஒருவர் என்று வந்தது.

இவ்வளவு அபூர்வம் என்றால் ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் பார்ப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான். தனி அனுபவத்தை வைத்து எந்த மருந்து நல்லது என்று யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

#3 துளசி

இதைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. என் குழந்தைக்கு இரண்டு வயது, போன மாதம் காய்ச்சலில் ஃபிட்ஸ் வந்தது. இதுவும் அப்படி ஆகிவிடுமா?

#4 ஐசியூ செவிலி

துளசி, பயப்படாதீங்க. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், காய்ச்சல் ஏறும்போது வரும், பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் குழந்தை பழையபடி ஆகிவிடும். ஃபயர்ஸில் வலிப்பு தொடங்கும்போது பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே இருக்காது. கயல்விழி அக்கா எழுதியதைத் திரும்பப் பாருங்கள், இறங்கிய பிறகுதான் வந்திருக்கிறது. அப்புறம் அது அடுக்கடுக்காக ஏறும். குழந்தை நடுவில் தெளியவே தெளியாது.

ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்ற பிறகும் தெளியாவிட்டாலோ, அடுத்தடுத்து வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு. அதற்கு மேல் இந்த இழையைப் படித்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

#5 பாரி

நான் ஒரு பெண்ணின் அப்பா. எங்கள் கதையும் கயல்விழி எழுதியதுதான், மருத்துவமனைதான் வேறு. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று என்று நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் சிகிச்சைகள் எல்லாம் முடிந்து கடைசியில்தான் அனாகின்ரா கொடுத்தார்கள். கொடுத்த அந்த வாரத்திலேயே மயக்க மருந்தைக் குறைக்க முடிந்தது. ஏன் முன்னாலேயே கொடுக்கவில்லை என்று கேட்டால் "போதிய ஆதாரம் இல்லை" என்கிறார்கள். 25 குழந்தைகள் கொண்ட ஆய்வு 2020-லேயே வந்துவிட்டது. சீக்கிரம் தொடங்கியவர்கள் வென்டிலேட்டரிலும் ஐசியூவிலும் குறைந்த நாள் இருந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்? பிள்ளை மூளை எரிந்துகொண்டிருக்கும்போது ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திருப்பதா?

#6 எண்ணும் எழுத்தும்

பாரி சார், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த ஆய்வைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். (மருத்துவர் அல்ல, மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை.)

"சீக்கிரம் தொடங்கியவர்கள் ஐசியூவில் குறைந்த நாள் இருந்தார்கள்." கேட்டவுடன் மருந்தின் பலன் போலத் தோன்றும். இருபதாம் நாள் மருந்து தொடங்கிய குழந்தை எப்படியும் இருபது நாளாவது அங்கே இருந்திருக்கத்தானே வேண்டும்? பத்தாம் நாளே வேறு எதனாலோ தேறிப் போன குழந்தைக்கு இருபதாம் நாள் அனாகின்ரா கொடுக்கவே மாட்டார்கள். தாமதமாகத் தொடங்கியவர்கள் பட்டியலில் நீண்ட நாள் படுத்தவர்கள் மட்டுமே சேர்வார்கள். மருந்து வெறும் தண்ணீராக இருந்தாலும் இந்தத் தொடர்பு தானாக வந்துவிடும். அந்தக் கட்டுரை எழுதியவர்களும் இது முடிவான ஆதாரம் என்று சொல்லவில்லை.

அப்புறம், ஒரு வாரத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது 15 பேரில் 11 பேருக்கு. ஏன் 15? மீதிப் பேருக்கு எண்ணிக்கைத் தகவல் இல்லை. அதே வாரத்தில் வேறு என்னென்ன மருந்து ஓடிக்கொண்டிருந்தது, கீட்டோ டயட் (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவு) எப்போது தொடங்கியது என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. தீவிரக் கட்டம் சில வாரங்களில் தானாகவும் தணிவதுண்டு. கடைசியாக எந்த மருந்து கொடுத்தோமோ அதற்குத்தான் பெயர் போகும்.

அனாகின்ரா வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. செய்கிறதா என்று அந்த 25 பேரை வைத்துச் சொல்ல முடியாது என்கிறேன்.

#7 பாரி

> மருந்து வெறும் தண்ணீராக இருந்தாலும் இந்தத் தொடர்பு தானாக வந்துவிடும்

சரி, நன்றாகத்தான் சொல்கிறீர்கள். அப்படியானால் வழி என்ன? என் மகளுக்கு மருந்தா தண்ணீரா என்று காசைச் சுண்டிப் பார்த்துக் கொடுக்க வேண்டுமா? நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?

#8 எண்ணும் எழுத்தும்

போடுவேனா என்று தெரியாது. மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் சீட்டுக் குலுக்கல் என்றாலே ஒரு பக்கம் தண்ணீர் என்று அர்த்தமில்லை. தொடர் வலிப்புக்கு இரண்டாம் கட்டமாகக் கொடுக்கும் மூன்று மருந்துகளை அமெரிக்க அவசரப் பிரிவுகளில் ஒப்பிட்டார்கள், 2019-இல் முடிவு வந்தது. லெவெட்டிரசெட்டம், ஃபாஸ்ஃபெனிடோயின், வால்ப்ரோயேட். எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது, யாருக்கும் தண்ணீர் இல்லை. அவரவருக்குப் பிடித்த மருந்தே உசத்தி என்று மருத்துவர்கள் அதுவரை வாதாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றும் ஒரே அளவில்தான், ஏறத்தாழ பாதிப் பேருக்கு மட்டும்தான் வலிப்பை நிறுத்தின. வித்தியாசம் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் ஆய்வைப் பாதியில் முடித்தார்கள்.

அதற்கே சுமார் நானூறு பேர் தேவைப்பட்டார்கள். ஃபயர்ஸில் நானூறு பேரைச் சேர்க்கப் பல நாடுகளும் பல ஆண்டுகளும் வேண்டும். அதனால்தான் பதிவேடு. எல்லா மருத்துவமனையும் ஒரே கேள்விகளை, ஒரே நேரப்புள்ளிகளில், ஒரே அளவுகோலால் குறித்து வைத்தால், சீட்டுக் குலுக்காமலே ஓரளவு நியாயமான ஒப்பீடு செய்யலாம். நான் சொன்ன "இருபதாம் நாள்" கோளாறைக் கணக்கில் திருத்த வழி இருக்கிறது. ஆனால் எந்தத் தேதியில் எது தொடங்கியது என்பது துல்லியமாக இருக்க வேண்டும். பழைய கேஸ் ஷீட்டில் அது பெரும்பாலும் கிடைக்காது.

#9 நரம்பியல் நாடோடி

பாரி சாருக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். அனாகின்ரா குருட்டாம்போக்கில் வந்த மருந்து இல்லை.

இந்தக் குழந்தைகளின் தண்டு நீரில் கிருமி கிடைப்பதில்லை, மூளையைத் தாக்கும் எதிர்ப்பொருளும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எம்ஆர்ஐ முதல் நாட்களில் பலருக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் தண்டு நீரில் கூடியிருப்பதை ஜப்பானியக் குழு காட்டியது. தொற்றுக்கு எதிராகக் கிளம்பிய அழற்சி அடங்காமல் மூளைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இப்போதைய எண்ணம்.

இன்டர்லூகின் 1 வலிப்பைத் தூண்டக்கூடிய அழற்சிப் பொருள். அதற்குக் கடிவாளமாக உடம்பே ஒரு தடுப்புப் புரதத்தைச் சுரக்கும். அதன் ஆய்வுக்கூட வடிவம்தான் அனாகின்ரா, மூட்டுவாதத்துக்கு 2001 முதல் இருக்கும் மருந்து. 2016-இல் மூன்று வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தைக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக மேயோ கிளினிக்கிலிருந்து எழுதினார்கள். 2019-இல் அங்கிருந்து வந்த இன்னொரு கட்டுரைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தத் தடுப்புப் புரதம் ரத்தத்திலும் தண்டு நீரிலும் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. ஆனால் இன்டர்லூகினைத் தடுக்கும் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. அளவை மட்டும் அளந்திருந்தால் "எல்லாம் சரி" என்று அறிக்கை வந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க முடிந்ததே உறைய வைத்த ரத்தமும் தண்டு நீரும் இருந்ததால்தான். கயல்விழி அம்மா, உங்களிடம் கேட்பது அதைத்தான்.

காத்திருப்பதைப் பற்றி: 2022-இல் சர்வதேச நிபுணர்கள் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற முதல் கட்டம் 72 மணி நேரத்துக்குள். பலன் இல்லையென்றால் அனாகின்ரா, டோசிலிசுமாப் போன்ற அடுத்த கட்டமும் கீட்டோ டயட்டும் 7 நாளுக்குள். இது நிபுணர்களின் ஒத்த கருத்து, நிரூபணம் அல்ல. ஆனாலும் "ஆதாரம் இல்லை, பார்ப்போம்" என்று வாரக்கணக்கில் தள்ளுவதற்கு இப்போது சாக்கு குறைவு.

#10 ரேவதி, உணவியல்

கீட்டோ டயட் என்றதும் வந்துவிட்டேன். பாரிஸ் நெக்கர் மருத்துவமனைக் குழு 2010-இல் எழுதியது: 9 குழந்தைகள், 7 பேருக்குச் சிறுநீரில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உடம்பில் உருவாகும் பொருள்) தெரிந்த சில நாட்களில் வலிப்பு அடங்கியது. இதுவும் சின்ன எண்ணிக்கைதான், புள்ளிவிவர நண்பர் அடிக்க வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வுக் கட்டுரையில் தெரியாத விஷயம் இதுதான். ஐசியூ குழந்தைக்குக் கீட்டோ என்றால் மூக்குக் குழாயில் போகும் கொழுப்புப் பால் மட்டும் இல்லை. டிரிப்பில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை, போகிறதா? வலிப்பு மருந்தைச் சிரப்பாகக் கொடுக்கிறார்களா? மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தாலும் சிலவற்றில் மாவுச்சத்து இருக்கும். இரவுப் பணிக்கு வந்தவர் வழக்கப்படி ஒரு ஊசி மருந்தை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் அன்றைக்குக் கீட்டோன் இறங்கிவிடும். ஒவ்வொரு மருந்துப் புட்டியாக எடுத்து லேபிள் படிக்க வேண்டும். ப்ரோபஃபால் என்ற மயக்க மருந்து ஓடுகிறது என்றால் இன்னும் ஜாக்கிரதை, இரண்டும் சேரக் கூடாது. கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடுகள் இல்லை என்று முதலில் பரிசோதிக்க வேண்டும்.

எனவே "கீட்டோ கொடுத்தோம், பலன் இல்லை" என்று ஒரு மருத்துவமனை எழுதினால், எனக்கு முதலில் வரும் சந்தேகம் கீட்டோன் உண்மையில் ஏறியதா என்பதுதான். பதிவேட்டில் அந்த எண் இருக்கிறதா?

#11 ஐசியூ செவிலி

ரேவதி மேடம் சொன்ன டெக்ஸ்ட்ரோஸ் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நாங்கள் கட்டில் தலைமாட்டில் "சர்க்கரை கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டுவோம்.

மயக்கத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். மூளையின் மின் அலைகளைக் காட்டும் இஇஜி திரையில் கோடு தட்டையாகப் போய், நடுவில் ஒரு வெடிப்பு, மறுபடி தட்டை. அந்த நிலையில் பல நாள் வைப்போம். வலிப்பு நின்ற மாதிரி இருக்கும், மருந்தைக் குறைத்தால் திரும்ப அதே இடத்திலிருந்து எழும். 77 குழந்தைகள் கொண்ட 2011 ஆய்வில், அந்த ஆழ்மயக்கம் நீண்டவர்களுக்கு அறிவுத்திறன் பாதிப்பும் அதிகம் என்று வந்தது. அதன் பிறகு எங்கள் மருத்துவர்களும் நாள்கணக்கில் ஆழத்தில் வைப்பதை யோசித்துத்தான் செய்கிறார்கள்.

#12 எண்ணும் எழுத்தும்

அதிலும் அதே முடிச்சுதான். மயக்கம் கெடுத்ததா, இல்லை ஏற்கெனவே மோசமாக இருந்தவர்களைத்தான் நீண்ட நாள் மயக்கத்தில் வைத்தார்களா? அதே ஆய்வின் மற்ற எண்களைச் சொல்லலாமா என்று தயங்கினேன், கயல்விழி மன்னிக்கவும். 9 குழந்தைகள் இறந்தார்கள். பிழைத்த 68 பேரில் 12 பேருக்கு அறிவுத்திறன் இயல்பாக இருந்தது. பெரும்பாலோருக்கு வலிப்பு தொடர்ந்தது. இவை அனாகின்ரா பழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய எண்கள். "அப்போதை விட இப்போது எவ்வளவு மேல்" என்று கேட்டால் பதில் சொல்ல 2011 போல இன்னொரு பெரிய தொகுப்பு வேண்டும்.

#13 மட்டுறுத்துநர்

ஒரு பதிவில் அனாகின்ராவின் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு இருந்தது, நீக்கியிருக்கிறேன். மருந்தளவு இங்கே வேண்டாம். மற்றபடி தொடருங்கள்.

#14 கயல்விழி

யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். இந்த எண்களை யாராவது நேராகச் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன். மருத்துவமனையில் கேட்டால் "ஒவ்வொரு குழந்தையும் வேறு மாதிரிம்மா" என்று முடித்துவிடுவார்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அவனுக்குத் தீவிரக் கட்டம் முடிந்து எவ்வளவோ நாளாயிற்று. இன்றைக்கு எடுக்கும் ரத்தம் போதாதா? பழையதுதான் வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்? அப்புறம், படிவத்தில் மரபணுச் சோதனை என்றும் ஒரு வரி இருக்கிறது. என் கணவர் அதில்தான் நின்றுவிட்டார்.

#15 ஆய்வுக் கோப்பு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது என் துறை, ஆய்வு ஒருங்கிணைப்பாளர்.

அன்றைய மாதிரிதான் அன்றைய அழற்சியைச் சொல்லும். அதிலும் முதல் ஸ்டீராய்டுக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்பது ரொம்ப முக்கியம். ஸ்டீராய்டு சைட்டோகைன்களை மாற்றிவிடும். இம்யூனோகுளோபுலின் என்பது மற்றவர்களின் எதிர்ப்பொருள்களைச் சேர்த்துக் கொடுப்பது, அதன் பிறகு எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் கிடைத்தால் அது குழந்தையுடையதா, கொடுத்தவருடையதா என்றே தெரியாது. சிகிச்சைக்கு முந்தைய ஒரு சிறு குழாய்த் தண்டு நீர் என்பது இந்தத் துறையில் யாரிடமும் போதுமான அளவு இல்லாத பொருள். அதை எடுத்து உறைய வைத்திருக்கிறார்கள் என்றால் அங்கே யாரோ முன்யோசனையோடு இருந்திருக்கிறார்கள்.

அவன் உடம்பில் இதற்காகப் புதிதாக ஊசி குத்தப்போவதில்லை, ஏற்கெனவே எடுத்ததுதான் என்றால், "சோதனைப் பொருள்" என்ற பயத்தில் பாதி குறையும். ஆனால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதிரி எங்கே போகும், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, பெயர் நீக்கி எண் போடுவார்களா, பின்னால் விலகினால் மாதிரியை அழிப்பார்களா என்பதையும் கேளுங்கள்.

மரபணு தனி விஷயம். டிராவே மாதிரிக் காய்ச்சலோடு வரும் சில வலிப்பு நோய்களில் எஸ்சிஎன்1ஏ மரபணுவில் தெளிவான காரணம் கிடைக்கும். ஃபயர்ஸில் அப்படி ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை. ஜப்பானிய ஆய்வொன்றில், நாடோடி சொன்ன தடுப்புப் புரதத்தின் மரபணுவில் ஒரு வகை வேறுபாடு அதிகம் தென்பட்டது. அது ஒரு சாய்வு மட்டும்தான், நோய்க்கான முத்திரை அல்ல. மரபணுவைப் படிக்கும்போது சம்பந்தமில்லாத வேறு ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்வார்களா, மாட்டார்களா? சொல்ல வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யலாமா? உங்கள் கணவர் அந்த வரியில் நின்றது சரியான இடம். மற்றதற்குச் சரி சொல்லி, இதை மட்டும் மறுக்கப் பல படிவங்களில் இடம் இருக்கும்.

இன்னொன்று: பையனிடமும் கேளுங்கள். ஒன்பது வயதுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லலாம்.

#16 பாரி

நான் பதிவேட்டில் சேர்ந்துவிட்டேன். நார்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்துவதில் குடும்பங்களே நேரடியாகப் பதியலாம். நிரப்பும்போதுதான் உறைத்தது: அனாகின்ரா தொடங்கிய தேதி, அதற்கு முன்னால் எது, கூட எது என்று வரிசையாகக் கேட்கிறார்கள். கீட்டோவும் அதே வாரம்தான் ஆரம்பித்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. எண்ணும் எழுத்தும் சிரிக்க வேண்டாம். ஊசிதான் காப்பாற்றியது என்று இன்னும் நம்புகிறேன், ஆனால் தேதிகளை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

ஒரு குறை. வலிப்பு எத்தனை என்று மட்டும் கேட்டால் போதாது. என் மகளுக்கு இப்போது வலிப்பு குறைவு, ஆனால் காலையில் படித்தது மாலையில் நினைவில் இல்லை. கோபம் வந்தால் அடங்க நேரமாகிறது. எங்கள் வாழ்க்கையே அதுதான்.

#17 நரம்பியல் நாடோடி

ரொம்பச் சரி. வலிப்பு எண்ணிக்கையை எண்ணுவது எங்களுக்குச் சுலபம், அதனால் எண்ணுகிறோம். நினைவாற்றல், நடத்தை, பள்ளிக்குத் திரும்புதல் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த தொகுப்புகள் குறைவு. கயல்விழி அம்மா, உங்கள் மகனின் இன்றைய நிலையும் அந்த வகையில் தரவுதான். பழைய குழாயோடு இன்றைய பையனும் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம்.

அனாகின்ரா கொடுக்காததைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுத்தும் தேறாதவர்கள் உண்டு, கொடுக்காமலே தேறியவர்களும் உண்டு. உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று சொல்லும் சோதனை இன்னும் இல்லை.

#18 கயல்விழி

இரண்டு நாள் பேசினோம். மாதிரிக்கும் பதிவேட்டுக்கும் என் கணவர் சரி என்றார். மரபணு வரிக்கு மட்டும் இப்போதைக்கு இல்லை. ஆய்வுக் கோப்பு எழுதிய கேள்விகளை அப்படியே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பையனிடம் சொன்னோம். "என் தண்ணி இன்னும் ஃப்ரிட்ஜிலேயா இருக்கு?" என்று கேட்டான். வியாழக்கிழமை போகிறோம்.

#19 ஐசியூ செவிலி

அக்கா, போகும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம் மட்டும் போதாது, மருந்து கொடுத்த அட்டையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது அதில்தான் இருக்கும். தண்டு நீர் எடுத்த நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.